கட்டை அவிழ்ப்பதற்கு முன்

பிரதியைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அந்தப் பிரதி அச்சாகியிருக்கும் காகிதத்தைப் பற்றிப் பேசியது குறைவு. ஒரு கதையின் உருவம், உத்தி, தொனி என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், அந்தக் கதை முதலில் வந்த இதழ் இப்போது எங்கே இருக்கிறது, யார் வீட்டுப் பரணில், என்ன ஸ்திதியில் என்று கேட்பதில்லை. அது விமர்சனத்துக்கு வெளியே உள்ள காரியம், குமாஸ்தா வேலை என்பது எண்ணம். நான் ஜீவனத்துக்குக் குமாஸ்தா வேலை பார்க்கிறவன். அந்த வேலையின் மேல் எனக்குப் பெரிய பக்தி ஒன்றும் கிடையாது. ஆனால் காகித விஷயத்தில் விமர்சகனைவிடக் குமாஸ்தாவுக்குச் சிலது நன்றாகத் தெரியும் என்பது என் கட்சி. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் வட்டாரத்தையே எடுத்துக்கொள்கிறேன். 1940களில் துறையூரிலிருந்து ‘கிராம ஊழியன்’ வந்தது. 1944இல் இறந்த கு.ப.ரா. தம் கடைசி நாட்களில் அதன் ஆசிரியப் பொறுப்பில் இருந்தார். பிறகு வல்லிக்கண்ணன் அங்கே இருந்தார். திருச்சியிலிருந்து சாலிவாஹனன் ‘கலாமோகினி’ நடத்தினார். திருலோக சீதாராமின் ‘சிவாஜி’யும் இதே ஊர்தான். மூன்றில் ஒன்றைக்கூட முதல் இதழிலிருந்து கடைசி இதழ் வரை வரிசையாகக் கையில் வைத்து நான் படித்ததில்லை. அவற்றைப் பற்றி எழுதப்பட்டதைப் படித்திருக்கிறேன். வல்லிக்கண்ணன் எழுதியதை நம்பி ஒருவர் எழுதியிருப்பார். அவரை நம்பி இன்னொருவர். அவரை மேற்கோள் காட்டி ஓர் ஆய்வேடு. மணிக்கொடிக்குப் பிந்திய பத்தாண்டைப் பற்றிய நம் தீர்ப்புகளில் பல இப்படிக் கேள்வி ஞானத்தில் விளைந்தவை. 1959 முதல் 1970 வரை 119 இதழ்கள் வந்த ‘எழுத்து’வின் பாடு தேவலை. செல்லப்பாவிடம் விமர்சகனோடு ஒரு பிடிவாதக்காரக் கணக்குப்பிள்ளையும் இருந்தார் என்பது அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

காகிதம் ஏன் சாகிறது என்பது ரகசியம் இல்லை. மரக்கூழில் செய்து, மை பரவாமலிருக்கப் படிகாரமும் பிசினும் சேர்த்த காகிதம் தனக்குள்ளேயே அமிலத்தை வைத்துக்கொண்டு பிறக்கிறது. ஈரமும் வெக்கையும் சேரும்போது அந்த அமிலம் நாரை அறுக்கிறது. நியூஸ்பிரிண்டில் லிக்னின் அப்படியே தங்கிவிடுவதால் வெளிச்சம் பட்டாலே பழுக்கிறது. சிற்றிதழ்காரனால் வாங்க முடிந்தது மிக மலிவான தாள்தான். ஆகவே நம் இலக்கியத்தின் நல்ல பகுதி மிக மோசமான காகிதத்தில் அச்சானது. அதன் முதுகில் அடித்த இரும்புப் பின், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் இந்தத் தீவின் ஈரத்தில் சில மழைக்காலங்களில் துருவாகி, துரு காகிதத்துக்குள் இறங்கி, நடுத்தாள் கையோடு வந்துவிடுகிறது. மிச்சத்துக்கு ராமபாணமும் கரையானும் இருக்கின்றன. அந்துருண்டை போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் பூச்சியை மட்டும் நினைக்கிறார்கள். பூச்சி வராத பெட்டியிலும் காகிதம் தன்னைத் தானே தின்றுகொள்கிறது.

ஓலைக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் வேறொரு நியாயம் இருந்தது. ஓலை சில நூறு வருஷம் தாங்கும். அதற்கு மேல் தாங்காது என்று தெரியும். எனவே காப்பது என்றால் பிரதி செய்வது. புது ஓலையில் எழுதி முடித்த பிறகு பழையதை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விடுவது மரியாதையான முடிவு. அப்போது எதுவும் அழிவதில்லை. எழுதுகிறவன் நின்றுபோய், ஆற்றில் விடுவது மட்டும் சடங்காகத் தொடர்ந்தபோதுதான் விபரீதம் வந்தது. உ.வே.சா. ஓடி ஓடிப் பிடித்தது அந்த இரண்டுக்கும் இடையில் விழுந்த ஏடுகளை. அம்மா மண்டபத்தில் பதினெட்டாம் பெருக்குக் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஆற்றில் எத்தனை போயிருக்கும் என்று எனக்குத் தோன்றும். அதோடு, நாமும் அதையேதான் செய்கிறோம் என்றும் தோன்றும். பிரதி செய்யாமல் ஆற்றில் விடுகிறோம். நம் ஆறு பழைய பேப்பர் கடை. தள்ளுவண்டியில் வீட்டு வாசலுக்கே வருகிறது.

ஸ்ரீரங்கம் காப்பாற்றுவதில் பழக்கப்பட்ட ஊர். சமயபுரத்துக்குப் பக்கத்தில் கண்ணனூரில் ஹொய்சளர் தலைநகர் வைத்திருந்த 13ஆம் நூற்றாண்டில், கோயிலுக்குள் சரஸ்வதி பண்டாரம் ஒன்று ஏற்படுத்தி, அங்கே ஹயக்ரீவர், சரஸ்வதி, வியாசர் திருமேனிகளை வைத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. புத்தகசாலைக்கும் பூஜை ஏற்பாடு. 1323இல் டில்லிப் படை வந்தபோது சுதர்சன சூரி தமது ‘சுருதப்பிரகாசிகை’ ஏட்டையும் தம் பிள்ளைகள் இருவரையும் வேதாந்த தேசிகரிடம் ஒப்படைத்தார் என்றும், தேசிகர் பிணங்களோடு பிணமாகக் கிடந்து தப்பி, ஏட்டைக் காத்துக் கொண்டுபோனார் என்றும் சம்பிரதாயம். சரித்திரமாக அது எவ்வளவு தேறும் என்பது வேறு விஷயம். ஒரு வியாக்கியான நூலும் இரண்டு குழந்தைகளும் ஒரே மூச்சில் அடைக்கலமாகச் சொல்லப்படுகிற ஊர் இது என்பது எனக்குப் போதும்.

ஆனால் இந்த வட்டாரத்தில் என்னை அதிகம் பாதித்த பழைய செய்தி ஸ்ரீரங்கத்தில் இல்லை. கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடியில் இருக்கிறது. முதலாம் ராஜராஜன் அந்தக் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்ட உத்தரவிட்டான். பிரிப்பதற்கு முன் சுவரில் உள்ள கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதும் உத்தரவு. விமானம் பிரிக்கப்பட்டது, கட்டப்பட்டது. அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில், புத்தகத்தில் இருந்தவை புதுச் சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. இந்த விவரமே கல்வெட்டாக இருப்பதால்தான் நமக்குத் தெரிகிறது. சுவரைத் தொடுவதற்கு முன் சுவரில் இருப்பதை எழுது: ஆவணக் காப்பாளன் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடத்தை ஆயிரம் வருஷத்துக்கு முன் யாரோ ஒரு கோயில் அதிகாரி தெரிந்துவைத்திருக்கிறார்.

ஐரோப்பாவில் இதைக் கொள்கையாகச் சொல்ல 1841 ஆயிற்று. ஒரு மனிதரிடமிருந்தோ அலுவலகத்திடமிருந்தோ வந்த தாள்களை இன்னொருவருடைய தாள்களோடு கலக்கக் கூடாது என்று அந்த வருஷம் பிரெஞ்சு அரசு சுற்றறிக்கை அனுப்பியது. அந்தத் தாள்கள் முன்பு எந்த வரிசையில் இருந்தனவோ அந்த வரிசையைக் கலைக்கக் கூடாது என்பது அடுத்தபடி. 1898இல் டச்சுக்காரர்கள் மூவர் எழுதிய கையேடு இரண்டையும் சேர்த்துச் சட்டமாக்கியது. நூலகத்தின் நியாயம் இதற்கு நேர் எதிர். சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளும், 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையும் புத்தகத்தை அதன் பொருளால் அறிகின்றன. எங்கிருந்து வந்தாலும் சரி, தாவரவியல் தாவரவியலோடு, இலக்கணம் இலக்கணத்தோடு. புத்தகம் உபயோகத்துக்கே என்று சொல்லி அலமாரிப் பூட்டைத் திறந்தவர் அவர்; அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கடிதத்துக்குப் பொருள் கிடையாது. அதற்கு இருப்பது அக்கம்பக்கம்.

இது எனக்குப் புத்தகம் படித்துத் தெரிந்ததல்ல. வங்கியில் ஒரு நாளின் வவுச்சர்களை அந்த நாளின் கட்டாகவே கட்டிவைப்பார்கள். அதிலிருந்து ஒன்றை உருவித் தனியாக வைத்தால் அது வெறும் சீட்டு. கட்டுக்குள் இருந்தால் சாட்சி. முன்னும் பின்னும் இருக்கிற வவுச்சர்கள்தான் அது அன்றைக்கு நடந்தது என்பதற்கு ஜாமீன். அதே வங்கியில் இன்னொரு விதியும் உண்டு. 1985இல் வந்த விதிகளின்படி சில பதிவேடுகளை ஐந்து வருஷம், சிலவற்றை எட்டு வருஷம் குறையாமல் வைத்திருக்க வேண்டும். கெடு தாண்டியதும் முறைப்படி அனுமதி வாங்கி அழிக்கலாம். எதை எப்போது அழிக்கலாம் என்று எழுதி வைத்திருப்பதால், அதுவரை எதையும் யாரும் தொட முடிவதில்லை. இலக்கியத்தில் நமக்கு அந்தப் பட்டியல் இல்லை. எது போயிற்று, எப்போது போயிற்று, யார் அனுமதித்தார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லாமல் எல்லாம் போகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் இருந்த ஒரு நண்பர் காலமானார். பொன்மலையில் ரயில்வே உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். என்னைவிட நாற்பது வயது மூத்தவர். கவிதை எழுதினார். ஐம்பது வருஷத்தில் அச்சில் வந்தது முப்பதுக்குள் இருக்கும். பெயர் வேண்டாம் என்பது குடும்பத்தார் விருப்பம். வீட்டைக் காலி செய்துவிட்டுப் பிள்ளையோடு பெங்களூர் போவதாக ஏற்பாடு. “எல்லாத்தையும் நீ எடுத்துண்டு போயிடறயா? தை பொறந்தா வீட்டை ஒப்படைச்சாகணும்” என்றார் மாமி. எல்லாம் என்பது உள் அலமாரியிலும் பரணிலுமாக நாற்பத்துமூன்று கட்டுகள். ஆபீஸ் நாடாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியவை. ரப்பர் பேண்ட் எதிலும் இல்லை. அது உருகிக் காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று ரயில்வே அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கும்.

கட்டின் ஓரத்தைப் பார்த்தால் ஒரே குழப்பம். ஒன்றில் ‘கசடதபற’ நான்கு, ‘ழ’ ஒன்று, ‘மீட்சி’ இரண்டு, நடுநடுவே இன்லண்டு லெட்டர், புக் போஸ்ட் ரேப்பர், ஒரு கல்யாணப் பத்திரிகை. இன்னொன்றிலும் அதே ‘ழ’, வேறு சில இதழ்கள், போஸ்ட் கார்டுகள். நூலகப் பழக்கம் உள்ள எவருக்கும் கை துறுதுறுக்கும்: பெயர்வாரியாகப் பிரி, தேதிவாரியாக அடுக்கு, இரட்டைப் பிரதியைத் தள்ளு. ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு எழுத்து, ஆட்களின் தலையெழுத்துகள். அவர் இதழ்களை இதழாக அடுக்கவில்லை. அனுப்பிய ஆளாக அடுக்கியிருந்தார். மதுரைக்காரர் ஒருவர் அனுப்பியதெல்லாம் ஒரு கட்டு. சென்னைக்காரர் ஒருவர் அனுப்பியது இரண்டு கட்டு. இதழ், அதோடு வந்த கடிதம், அதற்கு இவர் எழுதிய பதிலின் நகல், அதற்கு வந்த பதில்.

அந்த ‘ழ’ இதழ் ஒன்று மட்டும் ஐந்து கட்டுகளில் ஐந்து பிரதி இருந்தது. ஐந்து நண்பர்கள் தனித்தனியே அனுப்பியிருக்கிறார்கள். ஐந்திலும் பென்சில் குறி. ஒருவர் ஒரு கவிதையின் கடைசி மூன்று வரியை அடித்திருக்கிறார், இதோடு நின்றிருக்கலாம் என்பதுபோல. இன்னொருவர் அதே மூன்று வரிக்குப் பக்கத்தில் கோடு இழுத்து ‘பலே’ என்று எழுதியிருக்கிறார். மூன்றாமவர் அந்தக் கவிதையைத் தொடவே இல்லை. வேறொன்றில் ஒரு சொல்லைச் சுழித்திருக்கிறார். இவர்களில் இரண்டு பேர் ஜன்மத்தில் ஒரு விமர்சனக் கட்டுரை எழுதியதில்லை. நூலகம் நான்கு பிரதியை உபரி என்று கழிக்கும். அதன் நியாயப்படி அது சரி. ஆனால் அந்த நான்கு பிரதியில்தான் அந்தத் தலைமுறையின் வாசிப்பு இருக்கிறது. தமிழில் விமர்சனம் வளரவில்லை என்று நாம் வருஷாவருஷம் எழுதுகிறோம். வளர்ந்தது, ஓரத்தில், பென்சிலில். பிறகு எடைக்குப் போயிற்று.

விமர்சகனுக்கும் ஆவணக்காரனுக்கும் உள்ள பகை இங்கே தெரிகிறது. விமர்சகன் தள்ளுகிறவன். தள்ளத் தெரியாதவன் விமர்சகன் இல்லை. அதில் நான் பின்வாங்கப் போவதில்லை. நண்பர் கவிதைகளைப் பற்றி அவர் இருந்தபோது சொன்னதையே இப்போதும் சொல்கிறேன்: நான்கு நிற்கும், மற்றவை நிற்காது. ஆனால் அவருடைய தாள்களுக்கு முன்னால் உட்கார்ந்தபோது அந்தத் தீர்ப்புக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. நிற்கிற நான்கின் கைப்பிரதியை எவ்வளவு நிதானமாக எடுத்து வைத்தேனோ அவ்வளவு நிதானமாகவே பால் கணக்கு நோட்டையும் எடுத்து வைக்க வேண்டியிருந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா இதைப் புரிந்துகொண்டவர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று சுமார் ஒரு லட்சம் உருப்படிகளைச் சேர்த்துவைத்துவிட்டு 1992இல் இறந்தார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. ஆனால் கப்பலேற்றிக்கொண்டு போகவில்லை. சென்னையிலேயே வைத்து, பட்டியலிட்டு, மைக்ரோஃபிலிம் எடுத்து, 1996இலிருந்து ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்தார்கள். இன்று தரமணியில் இருக்கிறது. எழுத்து மரபில் வந்த நம்மில் ஒருவர் கோட்டையூரில் அந்த வேலையைச் செய்திருந்தால் எத்தனை உருப்படி மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஆயிரம் நல்ல புத்தகங்கள் மிஞ்சியிருக்கலாம். அவை எப்படியும் வேறெங்காவது இருந்திருக்கும்.

இந்த வேலையைத் தலைமையேற்று நடத்தியவர்களைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. தஞ்சாவூர் அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு 1880இல் அட்டவணை வெளியிட்ட பர்னெல், ஜில்லா ஜட்ஜ். ரோஜா முத்தையா நூலகத்துக்குச் சில காலம் இயக்குநராக இருந்த தியடோர் பாஸ்கரன், தபால் இலாகாவில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். புதுக்கோட்டையில் ஞானாலயாவைக் கட்டியது ஓர் ஆசிரியத் தம்பதி. நீதிமன்றம், தபால், பள்ளிக்கூடம்: மூன்றும் ஒரு தாளை அதன் இடத்தில் வைத்துப் பழகிய இடங்கள்.

பல்கலைக்கழகம் ஒன்றில் இந்தப் பகுதிக்குத் தலைவராக இருப்பவர் முதலில் செய்ய வேண்டியது எதையும் அவிழ்க்காமல் பார்ப்பது. எவ்வளவு இருக்கிறது, எது நாளைக்கே உடையும், எது பத்து வருஷம் காத்திருக்கும், எதற்கு ஆள் போதும் என்று ஒரு கணக்கு. எல்லாவற்றையும் பரிபூரணமாகச் செய்ய நினைத்தால் எதுவும் வாசகனிடம் போய்ச் சேராது. அமெரிக்க ஆவணக்காரர்களான கிரீனும் மைஸ்னரும் 2005இல் இதைத்தான் எழுதினார்கள்: ஒவ்வொரு பின்னையும் பிடுங்கிக்கொண்டிருக்காதீர்கள், பெட்டி பெட்டியாக விவரம் எழுதித் திறந்துவிடுங்கள் என்று. அவர்களுடைய அறைகளில் ஈரமும் வெப்பமும் கட்டுக்குள் இருக்கின்றன, பின் துருப்பிடிக்காது. காவிரிக்கரையில் பின்னைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும். அவர்கள் சொன்னதில் மற்ற பாதி நமக்கும் பொருந்தும். நம்மிடம் அறை இல்லை, ஆள் இல்லை. ஆகவே எது கட்டாயம் என்ற கணக்கு அவர்களைவிட நமக்கு அதிகம் வேண்டும்.

நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கு எழுதினேன். மரியாதையான பதில் வந்தது. இதழ்களை ஏற்றுக்கொள்வோம், பெயர்வாரியாகப் பிரித்து, இரட்டைப் பிரதிகளை நீக்கி, பைண்டு செய்து வைப்போம், கடிதங்களுக்கும் கணக்கு நோட்டுகளுக்கும் எங்கள் விதிகளில் இடமில்லை. பைண்டு செய்கிறவர் ஓரத்தை வெட்டிச் சமன்செய்வார். பென்சில் குறி ஓரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் உறுதியான கட்டடம், அலமாரி, ஐம்பது வருஷம் கழித்தும் வாசகன் கேட்டால் எடுத்துக்கொடுக்க ஓர் ஆள். இன்னொரு பக்கம் கட்டுகளின் ஒழுங்கு, தையில் பூட்டப்போகும் வீடு, என் மாடி அறை. ஒழுங்கைக் காப்பாற்ற வேண்டுமென்று எல்லாவற்றையும் நானே வைத்துக்கொண்டால், எனக்குப் பிறகு என் வீட்டு மாமி இன்னொரு இளைஞனிடம் இதே கேள்வியைக் கேட்பார், இளைஞன் கிடைத்தால்.

திருமழபாடிதான் வழி சொன்னது. சுவர் எப்படியும் பிரியப்போகிறது, எழுதிக்கொள்.

பதினொரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடத்தில் உட்கார்ந்தேன். கட்டு எண், உருப்படி எண், என்ன, யார் அனுப்பியது, தேதி, பென்சில் குறி எங்கே, காகித நிலை. நீள நோட்டில் வரிக்கு ஒன்றாக எழுதி, ஒவ்வொரு பக்கத்தையும், குறியிட்ட ஒவ்வொரு தாளையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். படம் இருக்கிறதே, தாள் எதற்கு என்று மாமியின் பிள்ளை கேட்டார். மைக்ரோஃபிலிம் சுருளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எழுத்து தெரியும். போனில் இருக்கும் படத்தைக் காண்பிக்க அந்தப் போன் உயிரோடு இருக்க வேண்டும். படம் வழி காட்டும் குறிப்பு, அவ்வளவுதான். துருப்பிடித்த பின்களைத் தட்டை ஸ்பூனால் நெம்பி எடுத்து, இடத்தில் நூல் நாடா கட்டினேன். கிழிசலில் செல்லோடேப் ஒட்டவில்லை. அது சில வருஷத்தில் கழன்று, பழுப்புக் கறையை மட்டும் விட்டுவிட்டுப் போகும். வெயிலில் காயப்போடலாமா என்று மாமி கேட்டார். வேண்டாம், நிழலில் ஃபேன் காற்றுப் போதும் என்றேன். ஓலைக்கும் காகிதத்துக்கும் அவர் வைத்தியம் ஒன்று சொன்னார்: வசம்பு. சரஸ்வதி மகாலிலும் வசம்பு, கருஞ்சீரகம், லவங்கம், மிளகு, பட்டை என்று இடித்துச் சிறு முடிச்சாக வைப்பது வழக்கம். அமிலத்துக்கு அது மருந்தில்லை, ராமபாணம் அண்டாது. ஆறு பெட்டியிலும் மாமி கையால் கட்டிய முடிச்சு இருக்கிறது.

படிக்காமல் பட்டியல் போட முடியாது. ஆகவே படித்தேன். இந்த இதழ் வழக்கமாகப் போய்ச் சேரும் விலாசங்களில் சிலருடைய கடிதங்கள் அந்தக் கட்டுகளில் உண்டு. மற்ற சிலரைப் பற்றி எழுதியதும் உண்டு. கட்டுரையில் புகழ்ந்ததைக் கடிதத்தில் வேறு விதமாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். கட்டுரையில் தாக்கிவிட்டு, அந்தக் கவிதையைத் தன் கையால் பிரதி செய்து அனுப்பியவரும் இருக்கிறார். செய்தி பரவியது, ஒருவர் தன் கடிதங்களைத் திருப்பித் தரச் சொல்லி எழுதினார். சட்டம் இதில் தெளிவு: காகிதம் பெற்றவருடையது, வாசகம் எழுதியவருடையது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி அந்த உரிமை எழுதியவர் ஆயுளுக்கும் அதற்கப்பால் 60 வருஷத்துக்கும் நிற்கிறது. அவர் சம்மதமில்லாமல் யாரும் அச்சிட முடியாது. அவராலும் காகிதத்தைப் பிடுங்க முடியாது. ஆனால் அவர் கேட்டது சட்டத்தை இல்லை. இருபத்தைந்து வயதில் எழுதியதை எழுபது வயதில் பிறர் படிப்பதைப் பற்றிக் கேட்டார். நியாயமான பயம். கொடுத்துவிட்டால் கட்டில் ஒரு பல் போகும். எதிராளியின் பதில் யாருக்குப் பதில் என்று தெரியாமல் நிற்கும். குடும்பத்தாரிடம் பேசி, அவர் கடிதங்களைத் தனி உறையில் வைத்து முத்திரையிட்டேன். முப்பது வருஷம் திறக்கக் கூடாது என்று எழுதி, அவர் கையெழுத்தும் என் கையெழுத்தும். பட்டியலில் அந்த வரி அப்படியே இருக்கிறது: கட்டு 17, உருப்படி 9 முதல் 31 வரை, மூடியது. மூடியது வேறு, இல்லாமலிருப்பது வேறு. அவர் அதை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன செய்திருப்பேன் என்பதற்கு என்னிடம் பதில் தயாராக இல்லை.

குறி இல்லாத இதழ்கள் நூலகத்துக்குப் போயின. ஒவ்வொன்றின் பின்னட்டை உட்புறத்திலும் கட்டு எண்ணும் உருப்படி எண்ணும் பென்சிலில் எழுதிக்கொடுத்தேன். அதை அழிக்காமலும் வெட்டாமலும் பைண்டு செய்வதற்கு அந்தப் பிரிவின் தலைவர் சம்மதித்தார்; விதிக்கு வெளியே அவர் செய்த உபகாரம் அது. பட்டியலின் நகலையும் வாங்கிக்கொண்டார். குறியிட்ட பிரதிகளும் கடிதங்களும் கணக்கு நோட்டுகளும் ஆறு பெட்டியில் என் மாடியில், சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்திய பலகை மேல். 1977 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் கீழ்த்தளத்தில் வைக்காதே என்றார்கள். சுவர் பிரிந்துவிட்டது, புத்தகம் இருக்கிறது. மறுபடி வெட்ட ராஜேந்திரன் வருவானா என்பது என் கையில் இல்லை. 1981இல் யாழ்ப்பாணத்தில் 97,000 நூல்களோடு நூலகம் எரிந்ததை நினைத்தால், ஒரே கட்டடத்தில் எல்லாம் இருக்க வேண்டும் என்ற ஆசைகூட எனக்குப் போய்விடுகிறது. இரண்டு இடத்தில் பாதிப் பாதி, மூன்றாவது இடத்தில் பட்டியல். இப்போதைக்கு இது மோசமில்லை.

விமர்சன விஷயமாக ஒன்று சொல்லி முடிக்க வேண்டும். நாம் யாரைப் பற்றியும் எழுதும்போது, அவர் இன்னாரால் பாதிக்கப்பட்டார் என்று எளிதாக எழுதிவிடுகிறோம். அந்தக் கட்டுகளைப் பார்த்த பிறகு எனக்கு அந்த வாக்கியம் அவ்வளவு சுலபமாக வருவதில்லை. எந்த இதழ் எந்த மாதம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று, அவர் எந்த வரியை அடித்தார் என்று காட்ட முடிகிற இடத்தில், பாதிப்பு என்ற சொல் சோம்பேறித்தனம். காட்ட முடியாத இடத்தில் அது ஊகம். ஊகம் என்று சொல்லிவிட்டு எழுதலாம்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் கட்டுகள் இருக்கும். பெரிய யோசனை எதுவும் சொல்லப்போவதில்லை. இரும்புப் பின்னை எடுத்துவிடுங்கள். நூல் நாடா கட்டுங்கள். பேனாவால் எழுதாதீர்கள், பென்சில் போதும். இரண்டு பிரதி இருந்தால் தள்ளுவதற்கு முன் ஓரத்தைப் பாருங்கள். உறையைக் கிழித்துப் போடாதீர்கள். தபால் முத்திரை அதில்தான் இருக்கிறது. வீட்டில் ஒருவருக்காவது, யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு பெயர் சொல்லி வையுங்கள். இப்போது யாரும் கடிதம் எழுதுவதில்லை, எல்லாம் போனில்தான் என்பது தெரியும். அதில் முக்கியமானதை அச்செடுத்து வைக்கிற ஒருவரைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை. அபூர்வமாக எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாற்பத்துமூன்று கட்டுகளில் பாதிக் கடிதங்களின் தலைப்பில் ‘ஞாயிறு காலை’ என்றுதான் இருக்கிறது. வருஷம் போடுங்கள்.